எடைச்சீட்டு

மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.
இரண்டு துடுப்பு வைத்தது பெரிய குடும்பத்துக்கு.
நாங்கள் இரண்டு பேர்;
அதிலும் ஒருவர் வாரத்தில் நாலு நாள்
ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம்.
கண்ணாடி மூடி அழகுதான், கை பட்டால் சுடும்
என்றார் காரைக்குடிக் கடைக்காரர், நேர்மையாக.
சர்வீஸ் எங்கே என்றேன். மதுரை என்றார்.
போகட்டும், எங்களுக்கு லாரிக்கா பஞ்சம்.

கடைசியில் முடிவு செய்தது வேறொன்று.
கரண்டு போனால்
பத்து நிமிஷம் ஞாபகம் வைத்திருக்குமாம் இது.
மற்றது அந்த நொடியே மறந்துவிடும்,
வெந்ததைப் போட்டு மறுபடி பிசையும்.
எண்ணூறு ரூபாய் கூடுதல்.
கொடுத்தேன்.

"என்ன பூமயிலு, கோதுமைக்குப் போயிட்டியாம்?"
கட்சி மாறியவளைக் கேட்பதுபோல் கேட்டார்
மில் மேஸ்திரி சோலையப்பன்.
புதுவயலில் காற்றே அவித்த நெல்தான்.
புருவத்தில் தவிட்டோடு நின்று
அவரால் அப்படித்தான் கேட்க முடியும்.
பேக்கரி ரொட்டி இனிக்கிறது, இவருக்குச் சர்க்கரை
என்று நான் சொல்லவில்லை.

எனக்கு எடைமேடையில் வேலை.
பகலெல்லாம் இருபது டன், முப்பது டன்.
பத்துக் கிலோவுக்குக் கீழே என் திரைக்குக் கண் தெரியாது.
இரவில் ஏழு கிராம் உப்புக்கு
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

தண்ணீர் முதலில், பிறகு எண்ணெய்,
உப்பு ஒரு மூலையில்.
மேலே மாவு, பாதி கோதுமை, பாதி மைதா.
மாவின் நடுவில் குழி; குழிக்குள் ஈஸ்ட்.
நேரம் வரும்வரை தண்ணீர் அதைத் தொடக்கூடாது.
தொட்டால்
மாப்பிள்ளை வருமுன்னே பந்தி முடிந்துவிடும்.

அவர் வருவது விடிகாலை நாலு.
முதல்நாள் இரவு ஒன்பதரைக்கு
நாலு என்றே வைத்தேன்.
ஒன்றரைக்குக் கூவியது.
மணியைச் சொல்லக்கூடாதாம் அதனிடம்,
இன்னும் எத்தனை நேரம் என்று சொல்லணுமாம்.
ஆறரை.
லாரிக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாத கணக்கா அது!

சித்திரையில் ரொட்டி பொங்கி, நடுவில் குழிந்து போனது.
ஐஸ் தண்ணீர் ஊற்றினேன், ஈஸ்டை ஒரு கிராம் குறைத்தேன்.
ஒருநாள் துடுப்பைப் போடவே மறந்து
சுட்ட மாவும் சுட்ட தண்ணீரும் கிடைத்தன.
இன்னொரு நாள் துடுப்பு ரொட்டிக்குள்ளேயே தங்கி
அவர் பல்லில் அகப்பட்டது.
"இதையும் எடைல சேர்த்தியா?" என்றார்.

சேர்ப்பேன். எதையும் சேர்ப்பேன்.
உள்ளே போட்டது அறுநூற்றுத் தொண்ணூற்றாறு.
வெளியே வந்தது அறுநூற்று இருபத்தாறு.
எழுபது கிராம் எங்கே?
நோட்டில் 'ஆவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எழுபது எனக்குப் பழகிய எண்.
வெறும் வண்டி எடை போடும்போது
ஓட்டுநர் இறங்கி நிற்கணும், அதுதான் சட்டம்.
பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம்
காசிலிங்கம் என்றொருவர் இறங்கவில்லை.
ஒன்பது டன் எண்ணூற்று நாற்பது இருக்க வேண்டியது
ஒன்பது டன் தொள்ளாயிரத்துப் பத்து.
பெயர் தெரியுமுன்னே
அவர் கனம் எனக்குத் தெரியும்.

நேற்று நாலு மணிக்குக் கூவியது, ஆள் இல்லை.
மலைப்பாதையில் ஏதோ வண்டி கவிழ்ந்ததாம்.
ஒரு மணி நேரம் தானே சூடு காத்தது மெஷின்;
பிறகு ரொட்டிக்கு வேர்த்து, தோல் தளர்ந்தது.
துணியில் சுற்றி வேலைக்கு எடுத்துப் போனேன்.

ஒன்பது பத்துக்கு மேடையேறியது அதே வண்டி, காலியாக.
"இறங்க வேணாம், உக்காந்து சாப்பிடுங்க."
ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு
வந்து திரையைப் பார்த்தேன்.
ஒன்பது டன் தொள்ளாயிரம்.
துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
தொள்ளாயிரம்.

சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார்,
வாயில் ரொட்டி.
"டீசல் கொறஞ்சிருக்கும்" என்றார்.

இன்று இரவு
பாத்திரத்தின் கோட்டைத் தாண்டி மாவு போட்டிருக்கிறேன்.
மூடியில் முட்டட்டும்.